எழுதினது யாரு என்று கேட்டார்கள்

நேற்று வடபழனியில் ஒரு சந்துக்குள் மூன்று செங்கல் வைத்து ஒருவன் பசை காய்ச்சிக்கொண்டிருந்தான். மைதா கொதிக்கிற வாசனைக்காக நான் நின்றிருக்க மாட்டேன். அவன் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து நீலத் துகளை உள்ளே கொட்டிக் கிண்டினான். மயில்துத்தம். வெள்ளைப் பசை மெல்ல நீலம் பாரித்தது. அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குத் துக்கம் வரவில்லை. பயம் வந்தது.  பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா சார், மயக்கமா?" என்றான் பசைக்காரன். நம் பக்கத்துக்காரன் போலிருக்கிறது.

"துத்தம் எதுக்குப்பா?" என்று தெரியாதவன் போலக் கேட்டேன்.

"மாடு தின்னாம இருக்கத்தான்."

நீ சொன்ன அதே பதில். நீ அதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்வாய். "மாட்டுக்குத் தெரியுது பா, இது வெசம்னு. மனுசன்தான் நின்னு படிக்கிறான்."

வருகிற செவ்வாய்க்கிழமை நான் எழுதிய தொடரின் பதினோராம் பகுதி டெலிவிஷனில் வருகிறது. அதில் நீ வருகிறாய். நானும் வருகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். படிக்க நீ இல்லை. இருந்திருந்தாலும் ஒரு கண்ணால்தான் படித்திருப்பாய்.

நமக்குள் பேச்சு தொடங்கியதே சண்டையில்தான். நம் ஊர்க் கொட்டகையில் வெள்ளிக்கிழமை படம் மாறும். அன்று காலையில் நீ சைக்கிளில் பசை வாளியும் தோளில் போஸ்டர் சுருளுமாகக் கூட்டுரோட்டுக்கு வருவாய். நெல் மில்லின் பக்கச் சுவர்தான் உன் முதல் சுவர். நான் காலேஜ் முடித்தவன். கள்ளக்குறிச்சிக்கு டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மில் வாசலில் நின்று வருகிற படத்தையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் உனக்குப் பொறுக்கவில்லை.

"இம்மாம் பேசறீங்களே, எழுதிக் குடுங்க. ஒட்டிடறேன்."

"உன் மொதலாளி தோலை உரிச்சிடுவாரு."

"அவுரு போஸ்டர்ல பொம்மைதான் பாப்பாரு. எழுத்துப் பக்கம் போவமாட்டாரு."

அடுத்த வாரமே முழுத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். 'இந்தப் படத்தில் மழை வருகிறது. விவசாயியும் வருகிறான். இரண்டு பேரும் கடைசிவரை சந்திக்கவில்லை.' இப்படித்தான் இருக்கும் என் விமர்சனம். கீழே பெயர் கிடையாது. 'ஒரு ரசிகன்', அவ்வளவுதான். கொட்டகைக்காரனுக்குப் பயந்துதான் பெயரை மறைத்தேன். போஸ்டருக்கு நேர் கீழே, இடுப்பு உயரத்தில், எனக்கென்று ஓர் இடம் வைத்தாய். பஸ்ஸுக்கு நின்றவர்கள் குனிந்து படித்தார்கள். சிரித்தார்கள். ஹைஸ்கூல் தமிழ் வாத்தியார்தான் எழுதுகிறார் என்று ஊரில் பேச்சு பரவியது. அவரும் மறுக்கவில்லை.

எழுதுகிறவன் யார் என்று தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

ரோட்டில் ஆள் நடமாட்டம் இருந்தால் என்னை 'வாங்க' என்பாய். மில்லுக்குப் பின்னால் பசை கிண்டும்போது 'இன்னா பா'. இரண்டுக்கும் நடுவில் பதினைந்து அடி. அந்தப் பதினைந்து அடியை நான் நட்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன் காலனிக்குள் ஒருநாளும் நான் வந்ததில்லை. என் வீட்டு வாசற்படியை நீ மிதித்ததில்லை. என்னைவிட நீ நான்கு வயது மூத்தவன். உன்னை 'அண்ணே' என்று கூப்பிடவேண்டும் என்று எனக்குத் தோன்றியதுகூட இல்லை. இப்போது எழுதும்போதும் 'நீ' என்றுதான் வருகிறது. மாற்றி எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது.

உன் தொழிலில் ஒரே ஒரு சட்டம். இன்னொருவன் போஸ்டரில் போட்டிருக்கிற நாள் முடியாமல் அதன்மேல் ஒட்டக்கூடாது. கல்யாணமோ, கருமாதியோ, கட்சிக் கூட்டமோ, நாள் முடிந்துவிட்டால் அது வெறும் சுவர். முடியாவிட்டால் அது ஆள். "நாள் இருக்கற போஸ்டர் மேல ஒட்றது, உயிரோட கீறவன் மேல மண்ணு தள்ற மாதிரி பா" என்பாய். உன் பசை அப்படி. ஒட்டினால் சுவர்தான் பெயரும், காகிதம் பெயராது.

அந்தப் புரட்டாசியில் மறியல் வந்தது. இதைக் கோபமில்லாமல் என்னால் எழுத முடியாது, ஏனென்றால் கேட்டது நியாயம். எங்கள் தெருவில் கவர்மெண்ட் வேலையில் இருந்தவர் ஒரே ஒரு தபால்காரர். மற்றவர்கள் எல்லாம் கரும்பு வெட்டினார்கள், அல்லது கரும்பு வெட்டுகிறவர்களை அதட்டினார்கள். படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கு ஒரு பங்கு கொடு என்று கேட்டதற்காக வேறு ஊர்களில் துப்பாக்கியால் சுட்டார்கள். ஆட்கள் செத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நானும் அழுதேன். மரத்தை வெட்டி ரோட்டில் போட்டவர்களில் நானும் ஒருவன். புளியமரத்தில் கட்டிய கயிற்றின் ஒரு முனை என் கையிலும் இருந்தது.

ஆனால் மரம் விழுகிற சத்தம் காலனியில் வேறு மாதிரி கேட்டது. உன் தங்கச்சி துணியை மூட்டை கட்டிக்கொண்டு வடக்கனந்தலில் அத்தை வீட்டுக்குக் கிளம்பியதை நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். "கோயிய கூடத் தூக்கிக்கினு பூட்டா பா. எங்கள வுட கோயி உசிரு அவளுக்குப் பெருசு." நானும் சிரித்தேன். நீ ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை.

மறியலின் இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. பஸ் இல்லை, லாரி இல்லை. இருந்தும் கொட்டகைக்காரன் புதுப் படத்துக்குப் போஸ்டர் ஒட்டச் சொல்லிவிட்டான். "பஸ்ஸு ஓடலன்னா ஜனம் எங்கடா போவும்? கொட்டகைக்குத்தான் வரும்" என்றானாம். படப்பெட்டி மறியலுக்கு முந்தின நாளே வந்துவிட்டதால் அந்தப் படத்தை நான் கொட்டகைக்காரனின் சோதனைக் காட்சியில் ஓரமாக நின்று பார்த்திருந்தேன். தாளும் தயார். அதில் எழுதியிருந்ததைச் சொல்கிறேன். படத்தில் ஒரு பஞ்சாயத்து. ஓர் அப்பாவியை அடிக்கிறார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதாநாயகன் வந்து 'நான்தான் செய்தேன்' என்று மார்பைக் காட்டுகிறான். 'நான் பார்த்த எந்தக் கூட்டத்திலும் எவனும் முன்னே வந்ததில்லை. இது சினிமாக்காரனுக்கு மட்டும் தெரிந்த கூட்டம்' என்று எழுதியிருந்தேன். மில்லுக்குப் பின்னால் உனக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்ப நம்ம ஊர்ல ஆம்பளயே இல்லன்றியா?" என்றாய்.

"பார்த்தியா நீ?"

நீ பசையைக் கிண்டினாய்.

சுவரில் என் இடத்தில் மறியல் போஸ்டர் இருந்தது. சுவரோரம் வேறு ஆள் இல்லை. நீ வாளியைக் கீழே வைத்தாய். "ஒன் எடத்துல ஆளு கீறாங்க பா. தேதி இன்னா, பாரு."

நான் பார்த்தேன். முந்தின நாள் தேதி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'முதல் ஏழு நாட்கள்' என்றிருந்ததை நான் படிக்கவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு வாரம் என்று சொல்லியிருப்பார்கள். எனக்கே தெரியும். நானே கயிறு இழுத்தவன். ஆனால் என் தாளில் தடவிய பசை காய்கிறதே என்கிற அவசரம். "நேத்தோட போச்சு, ஒட்டு" என்றேன். என் படிப்பை நம்பி நீ ஒட்டினாய். இரண்டு கையாலும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவினாய், எப்போதும்போல.

சத்தம் போட்டது என் பெரியப்பா மகன். ரோட்டின் நடுவில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்த கூட்டம் அண்டாவை விட்டுவிட்டு எழுந்தது. நான் அதற்குள் அவர்களோடு போய் நின்றிருந்தேன். மூன்றாவது வரிசை. வெட்டிய புளியமரத்தின் அடிக்கட்டைக்கு இடப்பக்கம். நீ எதிர்ச் சுவரில் ஏணி சாத்திக்கொண்டிருந்தாய்.

"எவன்டா எங்க போஸ்டர் மேல ஒட்னது?"

நீ ஓடியிருக்கலாம். எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் கரும்பு. ஏணியை விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தாய்.

"நான்தாங்க ஒட்னேன்."

"ஏழு நாளுன்னு போட்டுக்குது. கண்ணு தெரியல?"

"தேதி போச்சுன்னு நெனச்சிட்டேங்க. தப்புதாங்க."

"காலனிக்காரனுக்கு அவ்ளோ கொழுப்பு. எழுதினது யாரு?"

தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் படிக்கவில்லை. மேலே ஒட்டியிருந்ததே போதும். நீ கூட்டத்தை ஒருமுறை பார்த்தாய். என் முகத்தின்மேல் உன் பார்வை நிற்கவில்லை. நின்றிருந்தால் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

"தெர்லீங்க. குட்த்தாங்க, ஒட்னேன்."

"யாரு குட்த்தா?"

நீ வாயைத் திறக்கவில்லை. முதல் அடி விழுந்தது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இதை நான் ஓர் உவமையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வாயில் எச்சில் இல்லை. மூன்றே வரிசை. 'நான்தான்' என்கிற ஒரே சொல். அதை எத்தனை படத்தில் கிண்டல் செய்திருப்பேன். எவனோ உன் வாளியைத் தூக்கினான். சூடு ஆறாத பசையை உன் தலையில் கவிழ்த்தார்கள். முகம் முழுக்க நீலம் வழிந்தது. நீ கண்ணைத் திறந்து வழியைப் பார்க்க முயன்றாய். அதுதான் தப்பாகிவிட்டது. துத்தம் உள்ளே போனது. நீ கத்திய கத்தலை எழுத எனக்கு எழுத்து இல்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி சைக்கிள் மிதித்தால் ஒரு மணி நேரம். ஆனால் ரோடு முழுக்க மரம், மரத்துக்கு மரம் எங்கள் ஆள். நானும் சேர்ந்து தள்ளிய மரம். மீதி ஐந்து நாளும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கண்ணைக் கழுவினாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். ரோடு திறந்தபோது இடது கண் போயிருந்தது.

மறுநாளே போலீஸ் வந்தது, வேனை முதல் மரத்தோடு நிறுத்திவிட்டு, நடந்து. கூட்டுரோட்டில் நின்ற ஆண்பிள்ளைகளையெல்லாம் அள்ளியது. நானும் பெரியப்பா மகனும் ஒரே கரும்புக் கொல்லையில் படுத்துக் கிடந்தோம். கரும்புச் சோகை முகத்தைக் கிழித்தது. பூட்ஸ் சத்தம் வரப்பில் வந்து, நின்று, போனது. அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். முப்பது வயது ஆள், குழந்தை மாதிரி உடம்பு உதறியது. சத்தம் அடங்கியதும் காதருகில் கேட்டான்: "அந்தப் பய கண்ணு இன்னாடா ஆச்சு?"

அது இரண்டாவது வாய்ப்பு. அந்தக் கொல்லையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆளில்லை. "தெரியலண்ணே" என்றேன்.

ஆறு மாதம் கழித்து உன்னைத் தேடி வந்தேன். தங்கச்சியோடு கல்வராயன் மலைக்கே போய்விட்டாய் என்றார்கள். கச்சிராயப்பாளையம் வரை பஸ், அதற்கு மேல் ஒரு ஜீப், அதற்கும் மேல் நடை. மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாய். ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாய். அங்கே ஆள் இருந்தார்கள், இருந்தும் "இன்னா பா" என்றாய். மலைக்கு வந்தபின் உனக்கு அந்தப் பதினைந்து அடி தேவைப்படவில்லை.

"இப்ப எந்தப் படத்தத் திட்டிக்கினு கீற?"

"திட்றதில்ல."

"ஏன், நல்ல படமா எடுக்க ஆரமிச்சிட்டானுங்களா?"

தங்கச்சி சாமைக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். எனக்கு மட்டும் தூரமாக வைத்தாள், என்னைப் பார்க்காமல். அவளுக்கு நீ சொல்லியிருந்தாய் என்று அப்போதுதான் தெரிந்தது. கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். மலை இறங்கும் வழியில் கூடவே வந்தாய், ஓடைவரைக்கும். நான் தொடங்கினேன்: "அன்னிக்கு நான்..."

"வுடு பா. நீ முன்னால வந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? நீ அவுங்க வூட்டு ஆளு. ஒனக்கு ரெண்டு திட்டு. எனக்கு அதே அடி, அதே பசை. எனக்குத் தெரியாதா?"

நான் நிமிர்ந்தேன். விட்டுவிட்டாய் என்று ஒரு கணம் நினைத்தேன். ஓடையில் ஒரு கால் வைத்தபோது பின்னாலிருந்து சொன்னாய்.

"ஆனா சொல்லியிருக்கலாம் பா."

அதோடு மலை இறங்கியவன் ஊரில் தங்கவில்லை. சென்னைக்கு வந்தேன். சுவரில் ஒட்டிய பழைய தாள்களின் நகல்களை ஒரு வாரப் பத்திரிகைக்குக் கொடுத்தேன்; வேலை கொடுத்தார்கள். இரண்டு வருடம் சினிமா, ரேடியோ நாடகம், டெலிவிஷன் நாடகம் எதையும் விடவில்லை. கிழித்தேன். இரக்கமில்லாமல் எழுதுகிறான் என்று பெயர் கிடைத்தது. எனக்குத்தான் தெரியும், அது தைரியம் இல்லை. கிழிக்கிறவனை யாரும் 'நீ அன்று எங்கே நின்றாய்' என்று கேட்பதில்லை. அங்கேயும் புனைபெயர்தான்.

ஒரு டெலிவிஷன் நாடகத்தை நான் கிழித்த கிழியில் அதன் டைரக்டர் ஆபீசுக்கே வந்துவிட்டார். அடிக்க வருகிறார் என்று மேஜைக்குப் பின்னால் ஒதுங்கினேன். "இவ்ளோ தெரியுதே, நீயே எழுதேன்" என்றார். நீ மில் வாசலில் கேட்ட அதே கேள்வி. பதின்மூன்று வாரத் தொடர், கரும்பு ஊர் ஒன்றின் கதை. எழுதத் தொடங்கியபின்தான் உண்மையான பயம் என்னவென்று தெரிந்தது. எட்டாம் பகுதி எழுதிக்கொண்டிருந்தபோது உன் தங்கச்சியின் கார்டு வந்தது, ஊர் விலாசத்துக்குப் போய், இரண்டு வாரம் தாமதமாக. உனக்குக் காய்ச்சல். டோலி கட்டித் தூக்கி வந்தார்களாம். பாதி மலை இறங்கும்போதே முடிந்துவிட்டது. 'அண்ணன் உங்களுக்குச் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்' என்று எழுதியிருந்தாள்.

பதினோராம் பகுதியில் அந்தக் கூட்டத்தை எழுதினேன். சுவர், ஏணி, வாளி எல்லாம் சரியாக வந்தது. பிறகு என் கை என்ன செய்தது தெரியுமா? மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவனைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரவைத்தது. 'நான்தான்' என்று சொல்லவைத்தது. டைரக்டர் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அறைக்கு வந்து படித்துப் பார்த்தேன்: சினிமாக்காரனுக்கு மட்டும் தெரிந்த கூட்டம்.

மறுநாள் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு மாற்றி எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது வரிசைக்காரன் நிற்கிறான். நின்றுகொண்டே இருக்கிறான். காட்சி முடிகிறது.

"இதுல ஹீரோ எங்கப்பா?"

"வாளிய தலையில வாங்கறவன்தான் சார்."

"அவன் போஸ்டர் ஒட்றவன்யா!"

யூனிட்டில் இன்னொருவர் வேறு மாதிரி மகிழ்ந்தார். "கரெக்ட். இட ஒதுக்கீடு கேக்கறவன் யோக்கியதை என்னன்னு நல்லா காட்டுங்கோ" என்றார். தில்லியில் மாணவர்கள் இட ஒதுக்கீட்டை எதிர்த்துத் தெருவில் நிற்கிற செய்தியைத் தினமும் அவர்தான் ஆபீசில் உரக்கப் படிப்பவர். அவருக்காகவே அண்டாச் சோற்றையும், சுடப்பட்டவன் வீட்டு ஒப்பாரியையும், கரும்புக் கொல்லையில் என் அண்ணன் உதறிய உதறலையும் சேர்த்து எழுதினேன். கேட்டது நியாயம். உன்னை அடித்தது அக்கிரமம். ஒன்றை வைத்து மற்றதை அழிக்க நான் யாருக்கும் துடைக்கும் துணியாக மாட்டேன். டைரக்டர் கடைசியில் ஒப்புக்கொண்டார். "சண்டை ஆளுக்குச் செலவு கம்மி, போ" என்றார்.

உன்னிடம் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மறியல் முடிந்த வாரம் பெரிய மழை பெய்தது. மில் சுவரில் காரை பெயர்ந்து என் தாள் கீழே விழுந்து கிடந்தது. தனியாக இல்லை. அடியில் ஒட்டியபடி மறியல் போஸ்டர். இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். உன் பசை விடவில்லை. மேலே என் கிண்டல், அதற்கு அடியில் எங்கள் நியாயம், ஓரமெல்லாம் உன் நீலம். இன்றும் என் ஃபைலில் இருக்கிறது. பூச்சி அரிக்கவில்லை.

இந்தப் பத்துப் பகுதிகளிலும் 'எழுத்து' என்று போட்டு அதே புனைபெயரைத்தான் காட்டினார்கள். பதினோராம் பகுதிக்கு என் சொந்தப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன், அப்பா பெயரோடு, ஊர்ப் பெயரோடு. மாற்றமுடியாது, டேப்பில் ஏறிவிட்டது என்று நேற்றுச் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அந்த வடபழனிச் சந்து வழியாக வந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்குப் பஞ்சாயத்து டி.வி. முன்னால் ஊர் உட்கார்ந்திருக்கும். பெரியப்பா மகன் நாற்காலியில் இருப்பான். அம்மா தரையில் இருப்பாள். காலனி ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். கச்சிராயப்பாளையத்தில் ஒரு டீக்கடையில் டி.வி. வந்திருக்கிறதாம், உன் தங்கச்சிக்குக் கார்டு போட்டிருக்கிறேன். வருவாளா தெரியாது.

திங்கட்கிழமை பஸ் ஏறுகிறேன். விழுப்புரத்தில் இறங்கித் திரும்பிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. அம்மாவை என்ன செய்வார்கள் என்று பயம். அண்ணன் முகத்தைப் பார்க்கப் பயம். அவன் அடிப்பான் என்பதைவிட, அழுதுவிடுவான் என்பது. உன் வாளியிலிருந்து என் தலைக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. வந்தது இந்தப் பயம் மட்டும்தான். இதைத்தான் சுமந்துகொண்டு வருகிறேன்.

வாளி கவிழ்கிற காட்சியில் கூட்டத்தில் ஒருவன் கேட்பான், 'எழுதினது யாரு?' உன்னைப் போலவே போஸ்டர் ஒட்டுகிறவனும் பெயர் சொல்லமாட்டான். திரை இருட்டாகும். அப்புறம் வெள்ளை எழுத்தில் என் பெயர் வரும்.